டாஸ்க் மேனேஜர் போதுமா, இன்னொன்று வேண்டுமா? குமரி மாவட்டக் கணினிக் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் கூட்டம் குறையாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என்று வரிசை நிற்கும். வெளியே தென்மேற்குப் பருவமழையும் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் கணினி உறைந்து நின்றால் பெரும்பாலான கடைகளில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். அதனால் பாதி நிரப்பிய விண்ணப்பம் போகும், சில நேரம் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போகும். ஓடும் புரோகிராம்களைக் காட்டி, தொங்கியதை முடிக்க உதவும் டாஸ்க் மேனேஜரை ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரிந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்த கருவி இது. எழுதியவர் டேவ் பிளம்மர். 2012இல் விண்டோஸ் 8 அதற்குப் புது உருவம் கொடுத்தது. விண்டோஸ் 10 வழியாக ஜிபியு (படங்களைக் கையாளும் சிப்) கணக்கும், டிஸ்க் எந்த வகை என்ற விவரமும் சேர்ந்தன. 2022இல் விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பு முகப்பையே மாற்றியது. இன்று ஒரு கடைக்காரர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: விண்டோஸ் 10இன் டாஸ்க் மேனேஜர், விண்டோஸ் 11இன் புதியது, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டர், மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பிராசஸ் எக்ஸ்புளோரர், வெளியாட்கள் எழுதிய சிஸ்டம் இன்ஃபார்மர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் முன் இருக்கும் கவுண்டர் கணினிக்கு விண்டோஸோடு வந்ததே போதும். கடைக்கு ஒரு கணினியில், அல்லது பழுது பார்க்க வருபவரின் பென் டிரைவில், பிராசஸ் எக்ஸ்புளோரர் இருக்கட்டும். சிஸ்டம் இன்ஃபார்மர் கடைக்குத் தேவைப்படாது.

தொங்கியதா, வேலை செய்கிறதா?

எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். ஒரு புரோகிராமின் ஜன்னல் 5 விநாடி எந்தச் செய்தியையும் வாங்காமல் இருந்தால் விண்டோஸ் அதன்மேல் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். அந்தப் புரோகிராம் செத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவில் 2 ஜிபி ஃபோட்டோஷாப் கோப்பைப் பென் டிரைவில் நேரடியாகச் சேமித்தால் பல நிமிடம் இப்படியே நிற்கும். அப்போது எண்ட் டாஸ்க் (புரோகிராமைக் கட்டாயமாக மூடுவது) கொடுத்தால் கோப்பு பாதியில் அறுந்துவிடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தப் புரோகிராமின் வரியில் சிபியு, டிஸ்க் இரண்டு பத்திகளையும் அரை நிமிடம் கவனியுங்கள். டிஸ்க் பத்தியில் எண் மாறிக்கொண்டே இருந்தால் காத்திருப்பதே சரி. இரண்டிலும் பூஜ்யம் நிலைத்து நின்றால் அது வேறொன்றுக்காகக் காத்து நிற்கிறது. டீட்டெயில்ஸ் பக்கத்தில் அந்த வரியில் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுத்தால் எதற்காக நிற்கிறது என்று பல நேரம் காட்டிவிடும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: சிபியு ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்பது. 100ஐ உங்கள் பிராசஸரின் லாஜிக்கல் பிராசஸர் எண்ணிக்கையால் (பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு படத்தின் கீழே இருக்கும்) வகுத்துப் பாருங்கள். 4 என்றால் 25, 8 என்றால் 12.5. ஒரு புரோகிராம் டிஸ்க்கைத் தொடாமல் அந்த எண்ணிலேயே நிமிடக்கணக்கில் நின்றால், அதன் ஒரே ஒரு வேலைச்சரடு (த்ரெட், அதாவது உள்ளே ஓடும் ஒரு வேலைத்தொடர்) முடிவில்லாத வட்டத்தில் சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். இதை முடித்துவிடலாம். கணக்கு மென்பொருளாக இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பதிவு எழுதிக்கொண்டிருக்கும்போது முடித்தால் கணக்குக் கோப்பே சிதைய வாய்ப்பிருக்கிறது.

வரிகள் மேலும் கீழும் குதித்துக் கொண்டிருந்தால் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடியுங்கள், பட்டியல் அப்படியே நிற்கும். தவறான வரியில் கிளிக் செய்து தமிழ்த் தட்டச்சு மென்பொருளை முடித்துவிட்டு, எழுத்து வரவில்லையே என்று தேடும் தொல்லை இதனால் தவிரும்.

விண்டோஸ் 10இல் இருப்பதும் 11இல் வந்ததும்

விண்டோஸ் 11இன் டாஸ்க் மேனேஜரில் கடைக்கு உண்மையிலேயே உதவுவது தேடல் பெட்டி. 2023 தொடக்கத்தில் வந்தது. ஆல்ட் விசையோடு எஃப் அழுத்தி, புரோகிராமின் பெயரையோ தயாரித்த நிறுவனத்தின் பெயரையோ சில எழுத்து தட்டினால் போதும். பிரிண்டர் கம்பெனியின் பெயரைத் தட்டிப் பாருங்கள். அது பின்னணியில் வைத்திருக்கும் துணைப் புரோகிராம்கள் மொத்தமும் வரிசையாக வந்து நிற்கும். விண்டோஸ் 10இல் இதற்கு நூறு வரிகளுக்கு மேல் உருட்டித் தேட வேண்டும்.

இரண்டாவது எஃபிஷியன்சி மோட். இதைப் பற்றித் தவறான நம்பிக்கை நிறைய. இது ரேமைக் குறைக்காது. ஒரு பிராசஸின் (புரோகிராம் உள்ளே ஓட்டும் ஒரு பகுதி) முன்னுரிமையைக் கீழே இறக்கி, மின்சாரம் குறைவாகச் செலவாகும் வேகத்தில் ஓடச் சொல்கிறது, அவ்வளவுதான். புது லேப்டாப்புகளில் பேட்டரிக்கு நல்லது. பழைய டெஸ்க்டாப்பில் கிடைப்பது முன்னுரிமை மாற்றம் மட்டும். கூட்டமாகக் காட்டும் வரியில் இதைக் கொடுக்க முடியாது, அம்புக்குறியை விரித்து உள்ளே இருக்கும் தனித்தனி பிராசஸில்தான் கொடுக்க வேண்டும். புரோகிராமை மூடித் திறந்தால் அமைப்பு போய்விடும். இ-சேவை மையத்தில் பிரவுசருக்கே இதைப் போட்டுவிட்டு, அரசு இணையதளம் மெதுவாக இருக்கிறது என்று வருந்தக் கூடாது. பின்னணியில் ஓடும் கிளவுட் சிங்க் போன்றவற்றுக்குப் போடலாம்.

மூன்றாவது, டாஸ்க்பாரிலிருந்தே எண்ட் டாஸ்க் கொடுக்கும் வசதி. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் டெவலப்பர்களுக்கான பக்கத்தில் (புதிய பதிப்புகளில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில்) இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. போட்டுவிட்டால் டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்தே முடித்துவிடலாம். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கோ பையனுக்கோ சொல்லிக்கொடுக்க இதுவே எளிது. ஆனால் டிஸ்க் எண்ணைப் பார்க்காமலே முடிக்கும் பழக்கத்தையும் இது வளர்க்கும். ஆல்பம் ஸ்டுடியோவில் இதைப் போடாமல் இருப்பதே நல்லது.

சிபியு கணக்கிலும் ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் பிராசஸஸ் பக்கம் ஒரு சதவீதமும் டீட்டெயில்ஸ் பக்கம் வேறொரு சதவீதமும் காட்டும். பிராசஸரின் வேகம் கூடிக் குறைவதைச் சேர்த்துக் கணக்கிடுவது ஒன்று, வேலை செய்த நேரத்தை மட்டும் கணக்கிடுவது மற்றொன்று. 2025 மே மாதக் கடைசியில் வந்த விண்டோஸ் 11 24எச்2 அப்டேட் முதல் எல்லாப் பக்கங்களும் ஒரே கணக்குக்கு வந்தன. பழைய எண் வேண்டுமென்றால் டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'சிபியு யுடிலிட்டி' என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10இல் மேலே சொன்ன வகுத்தல் கணக்கைச் செய்யும்போது டீட்டெயில்ஸ் பக்கத்தையே பாருங்கள்.

புதியதில் கோளாறும் வந்தது. 2025 அக்டோபர் கடைசியில் வந்த முன்னோட்ட அப்டேட்டைப் போட்ட கணினிகளில், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் டாஸ்க் மேனேஜர் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. திறக்கத் திறக்க ஒன்று கூடும். நவம்பர் அப்டேட்டில் சரியாகிவிட்டது. முன்னோட்ட அப்டேட்டுகளைக் கவுண்டர் கணினியில் போட வேண்டாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

டாஸ்க் மேனேஜருக்காக மட்டும் விண்டோஸ் 11க்கு மாற வேண்டியதில்லை. மாறுவதற்கு வலுவான காரணம் வேறு: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. தனிநபர் கணினிகளுக்கு நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். ஆதாரும் வங்கிக் கணக்கும் புழங்கும் கணினிக்கு இது சிறிய விஷயமில்லை. ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 4ஆம், 6ஆம் தலைமுறை இன்டெல் கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. பொதுவாக 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும்.

ரேம் வாங்கவா, எஸ்எஸ்டி வாங்கவா?

குமரியில் கடைக்காரர்கள் அதிகம் பணம் விரயமாக்கும் இடம் இது. மெதுவாக இருக்கிறது என்று சொன்னதும் யாராவது ரேம் போடச் சொல்வார்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை வேலை மும்முரமான நேரத்தில் பத்து நிமிடம் திறந்து வைத்தால் பதில் அங்கேயே இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது ஒன்றுதான்.

மெமரி 50, 60 சதவீதத்தில் நிற்க, டிஸ்க் 100 சதவீதத்தில் ஓடினால் ரேம் போட்டுப் பயனில்லை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். மெமரி 90ஐத் தாண்டி, டிஸ்க்கும் 100இல் இருந்தால் ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்குகிறது. ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' எண் (ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுத்த தடவைகள்) தொடர்ந்து நூற்றுக்கணக்கில் இருந்தால் உறுதி. அப்போது ரேம்தான் முதலில்.

டிஸ்க்கின் 100 சதவீதம் என்பது டிஸ்க் ஓயாமல் இருக்கும் நேரம். எவ்வளவு எம்பி போகிறது என்பதை அது சொல்லாது. ஆகவே 100 சதவீதம் ஆனால் நொடிக்கு 1 எம்பிதான் என்று தெரிந்தால் திகைக்க வேண்டாம், அங்குமிங்கும் சிதறிய சிறு கோப்புகளைத் தேடி ஹார்ட் டிஸ்க்கின் தலை அலைகிறது. உண்மையில் பார்க்க வேண்டியது 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்'. நல்ல ஹார்ட் டிஸ்க்கில் 10, 20 மில்லி விநாடி. கூட்ட நேரத்தில் ஏறும், இறங்கும். வேலையே இல்லாதபோதும் நூற்றுக்கணக்கில் நின்றால் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மின்சாரம் விட்டுவிட்டு வரும் மாதங்களுக்குப் பிறகு யுபிஎஸ் இல்லாத கடைகளில் இந்த எண்ணைப் பார்த்தே தீர வேண்டும். அது ஏறியிருந்தால் அன்றே பேக்கப் எடுங்கள்.

ரேம் வாங்கத் தீர்மானித்தால் கணினியைக் கழற்றாமலே அளவு தெரிந்துகொள்ளலாம். மெமரி பக்கத்தின் கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்றால் ஓர் இடம் காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' எஸ்ஓடிம் என்றால் லேப்டாப் வகை, டிம் என்றால் டெஸ்க்டாப் வகை. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, அதை மாற்ற முடியாது. வேகம் 1333 அல்லது 1600 என்றால் டிடிஆர்3. 2133 முதல் 3200 வரை டிடிஆர்4. 4800உம் அதற்கு மேலும் டிடிஆர்5. புதிய விண்டோஸ் 11இல் அலகின் பெயர் மெகாஹெர்ட்ஸிலிருந்து எம்டி/எஸ் என்று மாறியிருக்கிறது, எண்ணின் பொருள் அதேதான். இந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினால் தவறான ரேமோடு திரும்பி வர வேண்டியிருக்காது.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றும் பாருங்கள். 8 ஜிபி போட்ட கணினி 4 ஜிபி என்று காட்டி, ஸ்லாட் 1 ஆஃப் 2 என்றால், உப்புக் காற்றில் ரேமின் பித்தளை நிறக் கால்கள் மங்கித் தொடர்பு விட்டிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்துத் தூளை ஊதிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஸ்லாட் 2 ஆஃப் 2 என்று சரியாகக் காட்டியும் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' ஜிபி கணக்கில் இருந்தால் கோளாறு வேறு: 32 பிட் விண்டோஸ் போட்டிருப்பார்கள், அல்லது சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் அதிகபட்ச மெமரி என்ற பெட்டியில் யாரோ டிக் செய்திருப்பார்கள்.

பழைய கணினி வாங்கும்போதும் இதே பக்கம் துணை. எஸ்எஸ்டி என்று சொல்லி விற்றால், இடது ஓரத்தில் டிஸ்க் 0 என்பதன் கீழே அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரிசோர்ஸ் மானிட்டர்

இது எல்லா விண்டோஸிலும் உள்ளேயே இருக்கிறது, ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினால் வரும். டாஸ்க் மேனேஜர் எந்தப் புரோகிராம் டிஸ்க்கைத் தின்கிறது என்று சொல்லும். இது எந்தக் கோப்பை என்பதையும் சொல்லும். இன்னொரு பெரிய உபயோகம், வாடிக்கையாளரின் பென் டிரைவ் 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லி வெளியே வர மறுக்கும்போது. சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' பெட்டியில் பென் டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டினால் அதைப் பிடித்திருக்கும் புரோகிராம் தெரியும். பெரும்பாலும் ஃபோட்டோ பார்க்கும் புரோகிராமோ மூட மறந்த வேர்டோ. மூடிவிட்டு எடுத்துக் கொடுங்கள். புதிதாக எதையும் நிறுவக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள இடங்களுக்கு இதுவும் டாஸ்க் மேனேஜரும் சேர்ந்தாலே போதும்.

பிராசஸ் எக்ஸ்புளோரர்

சிஸ்இன்டர்னல்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்பில் ஒன்று. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் நடத்திய, அந்தத் தொகுப்பை உருவாக்கிய வின்டர்னல்ஸ் நிறுவனத்தை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. நிறுவத் தேவையில்லை, ஜிப்பை விரித்து ஓட்டினால் போதும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

டாஸ்க் மேனேஜர் செய்யாத மூன்று வேலைகளை இது செய்யும். எது எதைத் தொடங்கியது என்பதை மரம்போலக் காட்டும். ஆகவே வேர்டிலிருந்து ஒரு கட்டளைச் சாளரம் கிளம்பியிருந்தால், வந்தது மேக்ரோ வைரஸாக இருக்கலாம் என்று ஒரு பார்வையில் தெரியும். மேலே இருக்கும் குறிவட்டத்தை இழுத்துத் திரையில் வந்த புரியாத பெட்டியின்மேல் விட்டால், அந்தப் பெட்டி யாருடையது என்று காட்டும். விளம்பரப் பெட்டி தானாக வந்து நிற்கும் கணினிகளில் இதற்கு ஈடில்லை. மூன்றாவது, ஒவ்வொரு பிராசஸின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்த்து, பல ஆன்டிவைரஸ் எஞ்சின்களில் கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஒப்பிடும். எழுபது சொச்சம் எஞ்சின்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் குறை சொன்னால் பதற வேண்டாம். கோப்பின் அடையாள எண் மட்டும் போனால் போதும், தெரியாத கோப்புகளை அனுப்பும் தேர்வை அணைத்தே வையுங்கள்.

பென் டிரைவ் வைரஸ் டாஸ்க் மேனேஜரையே முடக்கிவிட்டு, நிர்வாகி முடக்கியதாகச் செய்தி காட்டும் கணினிகளிலும் இது பெரும்பாலும் திறக்கும்.

ஒரு பொறியும் இருக்கிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் 'ரிப்ளேஸ் டாஸ்க் மேனேஜர்' என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், டாஸ்க் மேனேஜரைக் கூப்பிடும்போதெல்லாம் இந்தக் கோப்பைத் திற என்று விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் முகவரி எழுதிவிடும். பென் டிரைவிலிருந்து ஓட்டி இதைக் கொடுத்துவிட்டு, பென் டிரைவை எடுத்துக்கொண்டு போனால் அந்தக் கணினியில் இரண்டுமே திறக்காது. தீர்வு, பிராசஸ் எக்ஸ்புளோரரை மறுபடி நிர்வாகியாக ஓட்டி அதே மெனுவில் பழையபடி மாற்றுவது. கவுண்டரில் இதை மாற்றாகப் போட வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வண்ண வண்ண வரிகளும் நூறு பெயர்களும் புதியவரைக் குழப்பி, தேவையானதை முடித்துவிட வைக்கும்.

சிஸ்டம் இன்ஃபார்மர்

முன்பு பிராசஸ் ஹேக்கர் என்ற பெயர். திறந்த மூலம், வசதிகளில் எல்லாவற்றையும்விட மிகுதி. ஆனால் பழைய பதிப்பின் டிரைவரை வைரஸ்காரர்கள் ஆன்டிவைரஸை முடக்கப் பயன்படுத்தியதால் சில பாதுகாப்பு மென்பொருள்கள் இதைக் கண்டாலே எச்சரிக்கும். மென்பொருள் எழுதுபவர்களுக்கு உகந்தது. ஜெராக்ஸ் கடைக்கு இதனால் ஆதாயமில்லை.

எந்த மேசையில் எது?

இ-சேவை மையத்தில் வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டு: விரல்ரேகைக் கருவி, பிரிண்டர். இரண்டுக்கும் டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் பக்கமே போதும். கருவியின் ஆர்டி சர்வீஸை (ஆதார் சரிபார்ப்புக்காகக் கருவியை இயக்கும் பின்னணிப் புரோகிராம்) ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட். பிரிண்ட் வரிசையில் சிக்கியிருந்தால் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் சர்வீஸை ஸ்டாப் செய்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பதை அழித்து, மறுபடி ஸ்டார்ட். ஃபோல்டரை அழிக்காதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும்.

தமிழும் மலையாளமும் தட்டச்சு செய்யும் களியக்காவிளை, மார்த்தாண்டம் டிடிபி கடைகளில் ஒரு புதிர் அடிக்கடி வரும். தட்டச்சு மென்பொருள் ஓடுகிறது, நோட்பேடில் தமிழ் வருகிறது, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் மட்டும் வரவில்லை. டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'எலிவேட்டட்' என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். பேஜ்மேக்கர் எஸ் என்றும் தட்டச்சு மென்பொருள் நோ என்றும் இருந்தால் அதுதான் காரணம். நிர்வாகியாக ஓடும் புரோகிராமுக்குள் சாதாரணமாக ஓடும் புரோகிராம் எழுத்தை அனுப்ப விண்டோஸ் விடாது. இரண்டையும் ஒரே நிலையில் ஓட்டுங்கள்.

காலையில் கடை திறந்து கணினி எழும்ப நேரமானால் ஸ்டார்ட்டப் பக்கம். 'ஹை' என்று குறித்திருப்பவை, தொடக்கத்தில் சிபியுவை 1 விநாடிக்கு மேலோ டிஸ்க்கை 3 எம்பிக்கு மேலோ எடுப்பவை. தட்டச்சு மென்பொருளையும் பாதுகாப்பு மென்பொருளையும் விட்டுவிட்டு மற்றவற்றை டிசேபிள் செய்யலாம். பட்டியலில் எதுவும் மிஞ்சாமல் இன்னும் மெதுவாகவே இருந்தால், ஷெட்யூல்டு டாஸ்க்குகளும் சர்வீஸ்களும் இந்தப் பக்கத்தில் வருவதில்லை என்பதை நினைவில் வைத்து, தானாகத் தொடங்குபவற்றையெல்லாம் காட்டும் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸைத் திறக்க வேண்டும். அதில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். எதையும் அழிக்க வேண்டாம், டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து இரண்டு நாள் பொறுத்திருங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு கொடுத்திருந்தால் டாஸ்க் மேனேஜரை முடக்க வேண்டியதில்லை. தாங்கள் திறந்ததை மட்டுமே அவர்களால் முடிக்க முடியும், சிஸ்டத்தின் பிராசஸ்களைத் தொட்டால் அனுமதி மறுக்கப்படும். திறந்தே விட்டால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை வைத்து மெமரி, டிஸ்க், பிராசஸர் மூன்றையும் கண்ணால் காட்டிப் பாடம் நடத்தலாம்.